பக்கவாதம் வந்தவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரா? உஷார்!
மூளை மீளாமல் போகும் ஆபத்து

தஞ்சை,

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே சாய்கிறார். வாய் கோணிக்கொள்கிறது. வலது கை விளங்கவில்லை. பேச்சு குழறுகிறது.

"மயக்கம்தான்டா, மாமாவுக்கு ஒரு சோடா உடைச்சுக் கொடு" என்கிறார் ஒருவர். "சர்க்கரையைக் கரைச்சு ஊத்துங்க" என்கிறார் இன்னொருவர்.

காவிரிப் பாசன கிராமங்களில் பழகிப்போன காட்சி இது. ஊற்றுகிறவர்களுக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஒரு டம்ளரே ஆளை முடித்துவிடலாம்!

பக்கவாதம் வந்தவரால் சரியாக விழுங்க முடியாது. தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஏற்கனவே ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் மூளைக்கும் கேடு.

மூளையில் புளிப்பு

எப்படி?

ரத்தக்குழாய் அடைத்தால் மூளைக்குப் பிராணவாயு போவதில்லை. அங்குள்ள சர்க்கரை முழுதாக எரியாமல் லாக்டிக் அமிலமாக மாறுகிறது. தயிரைப் புளிக்க வைக்கும் அதே அமிலம்தான். சர்க்கரை கூடினால் அமிலமும் கூடும். பிழைத்திருக்க வேண்டிய மூளை செல்களும் மடிந்துபோகும். அடைப்பு நீங்கி ரத்தம் திரும்ப ஓடும்போது, மூளைக்குள் கசியும் ஆபத்தும் அதிகம்.

1977-ல் மையர்ஸ், யமகூச்சி என்ற விஞ்ஞானிகள் குரங்குகளின் இதயத்தைச் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்தார்கள். பட்டினி கிடந்த குரங்குகளைவிட, குளுக்கோஸ் ஏற்றிய குரங்குகளுக்கே மூளைச் சேதம் அதிகம்!

சர்க்கரை வியாதியே இல்லாதவருக்கும் பக்கவாத அதிர்ச்சியில் சர்க்கரை ஏறுவது உண்டு.

இன்சுலின் போடலாமா?

"அப்போ இன்சுலினைப் போட்டு உடனே இறக்கிட வேண்டியதுதானே?"

வீட்டில் கூடவே கூடாது. அமெரிக்காவில் 1,100-க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2019-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு சர்க்கரையை 130-க்குள் இறுக்கிப் பிடித்தார்கள். மற்றவர்களுக்கு 180-க்குள். 90 நாள் கழித்துப் பார்த்தால் குணமானதில் வித்தியாசமே இல்லை. இறுக்கிப் பிடித்தவர்களில் சிலருக்கு சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்ததுதான் மிச்சம்.

எனவே ஆஸ்பத்திரிகளில் பொதுவாக 140 முதல் 180-க்குள் வைக்கப் பார்க்கிறார்கள்.

சர்க்கரை தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே பேச்சு குழறும். அதனால்தான் டாக்டர்கள் முதலில் விரலைக் குத்திப் பார்க்கிறார்கள். மீட்டர் 70-க்குக் கீழே காட்டி, ஆள் நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால் மட்டுமே சர்க்கரை கொடுக்கலாம்.

நாலரை மணி நேரம்

அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். வேதாரண்யத்தில் இருந்து தஞ்சை 100 கிலோ மீட்டருக்கு மேல். ஊர்க்கூட்டம் பேசித் தீர்க்கும் நேரத்தில் பாதி கெடு போய்விடும்.

108-க்குப் போன் செய்யுங்கள். ஸ்கேன் வசதியுள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போங்கள். ஆள் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை வியாதி என்கிறது 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு. மூன்று வேளையும் சோறு உண்ணும் நெல் சீமைக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

சர்க்கரையை அடக்க வேண்டியது ஆள் விழுந்த பிறகு அல்ல. நடமாடும்போதே!