உங்களுக்குத் தெரியுமா? பயிற்சி முகாமே பார்க்காத மரைன்கள்!

அமெரிக்க மரைன் படையில் யார் சேர்ந்தாலும் பயிற்சி முகாமில் வாரக்கணக்கில் வியர்வை சிந்தியே ஆகவேண்டும். விதிவிலக்கு, வாஷிங்டனில் உள்ள மரைன் பேண்டு இசைக்கலைஞர்களுக்கு மட்டும்தான். 1798-இல் தொடங்கிய இந்தக் குழுவின் முதல் வேலை, அதிபருக்காக வாசிப்பது.

முகாம் இல்லை என்பதற்காக லேசாக உள்ளே நுழைந்துவிட முடியாது. தேர்வின் தொடக்கச் சுற்றுகளில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். நடுவர்களுக்கு முகம் தெரியாது. வாசிப்பு மட்டுமே கேட்கும். தேறினால் நான்காண்டு ஒப்பந்தம், எடுத்த எடுப்பிலேயே ஸ்டாஃப் சார்ஜென்ட் பதவி! மற்ற மரைன்கள் அதை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். சட்டைக் கையிலுள்ள பதவிப் பட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: மற்றவர்களுக்குக் குறுக்காக வைத்த இரு துப்பாக்கிகள் இருக்கும் இடத்தில், இவர்களுக்கு லைர் எனும் சிறிய யாழ்.

மார்ச் இசைக்குப் பேர்போன ஜான் பிலிப் சூசாவும் இங்கே வளர்ந்தவர்தான். சர்க்கஸ் பேண்டோடு ஓடிப்போகப் பார்த்த 13 வயது மகனை, இதே குழுவில் டிராம்போன் வாசித்த அப்பா 1868-இல் பயிற்சி பெறுபவனாகச் சேர்த்துவிட்டார். 1880-இல் அந்த மகனே குழுவின் தலைவரானார்.