பித்தநீரின் ஓட்டமும் மருந்தின் எல்லையும்

வாதம், பித்தம், சிலேட்டுமம் என நம் முன்னோர் உடலின் இயல்பை மூன்றாக வகுத்துரைத்தனர். அவர்கள் கூறிய பித்தம் ஒரு தத்துவம். நாம் ஈண்டு ஆராயப் புகுவது அதுவன்று. ஈரலிற் சுரந்து, கான்கள் வழியே சிறுகுடலைச் சேரும் பித்தநீரே. உண்ட கொழுப்பைச் செரிக்கச் செய்வதும் மலத்துக்கு நிறங் கொடுப்பதும் இந்நீராகும்.

சில குழந்தைகளுக்கு, பிறந்து சில வாரங்களுள், ஈரலுக்கு வெளியேயுள்ள பித்தக்கான்கள் அழற்சியுற்றுத் தழும்பேறி அடைபட்டு விடுகின்றன. தைவானில் ஏறத்தாழ 5,000 முதல் 6,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இந்நோய்க்கு ஆளாகின்றது. ஐரோப்பாவில் இது அதனினும் அரிது. போக்கிடமற்ற பித்தநீர் ஈரலிலே தேங்கி அதனைக் கெடுக்கின்றது. சிகிச்சையின்றி விடப்படும் குழந்தைகளுட் பெரும்பாலானவை இரண்டாண்டு நிறையுமுன் இறந்துபடுகின்றன.

இந்நோய்க்கு வழி கண்டவர் யப்பானின் செண்டாய் நகரிலுள்ள தொஹொக்கு பல்கலைக்கழகத்துச் சத்திர வைத்தியர் மொரியோ கசாய் ஆவார். 1955ஆம் ஆண்டில் அவர் தழும்பேறிய கானை ஈரலின் வாயிலோடு சேர அறுத்தகற்றி, அவ்விடத்திற் சிறுகுடலை இணைத்தார். கண்ணுக்குப் புலனாகாத நுண்கான்கள் அங்கே எஞ்சியிருப்பின், பித்தநீர் அவற்றின் வழியே நேராகக் குடலுக்குள் வடியும்.

ஆயினும், வாய்க்கால் வெட்டியதனால் மட்டும் நீர் பாய்ந்துவிடாது. சிகிச்சையின் பின் மலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுதல் முதல் நற்குறி. மூன்று மாதங்களுள் குருதியிலுள்ள பிலிரூபின் 100 மில்லிலீற்றருக்கு 2 மில்லிகிராமினுங் குறைதல் அடுத்த குறி. 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், அவ்வாறு குறைந்தோருள் 86 வீதத்தினர் தம் சொந்த ஈரலோடு இரண்டு வயதை எட்டினர். குறையாதோருள் 20 வீதத்தினரே எட்டினர்.

இவ்வோட்டத்தை மருந்தாற் பெருக்க இயலுமா? கரடியின் பித்தத்திலே முதன்முதல் அறியப்பட்ட உர்சோடிஒக்சிகோலிக் அமிலம், பித்தநீர் எளிதில் ஓடுதற்பொருட்டுப் பரவலாகக் கொடுக்கப்படுகின்றது. அழற்சியைத் தணிக்கும் ஸ்ரெரோயிட் மருந்து ஓட்டத்தை மிகுவிக்கும் எனப் பலர் நம்பினர். 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 140 குழந்தைகளிடம் அது சோதிக்கப்பட்டது. ஆறு மாத முடிவில் பித்தநீர் நன்கு வடிந்தோர், மருந்து பெற்றவருள் 58.6 வீதம், பெறாதவருள் 48.6 வீதம். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நிகழ்ந்திருக்கலாம் என்பதே கணிதத்தின் தீர்ப்பு. மேலும், மருந்து பெற்றோருக்குக் கடுந்தீங்குகள் முந்தித் தோன்றின.

எனவே மருந்தின் பெரும்பணி காவற்பணியே. குடல் ஈரலோடு நேரே இணைக்கப்பட்டமையாற் கிருமிகள் மேலேறக்கூடும். அதனைத் தடுக்க நுண்ணுயிரெதிர்ப்பு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. காய்ச்சலும் மீண்டும் வெளிறும் மலமுங் காணின் ஒரு நாளுந் தாமதிக்கலாகாது. பித்தநீர் குறைந்த குடல் ஏ, டி, ஈ, கே விற்றமின்களை நன்கு உறிஞ்சாது. ஆதலால் அவற்றைத் தனியே ஊட்டுதல் வேண்டும். கே விற்றமின் குறையின் மூளையிலும் குருதி கசியக்கூடும். நம் தேங்காயெண்ணெயிலிருந்தும் பிரித்தெடுக்கப்படும் ஒருவகைக் கொழுப்பு, பித்தநீரின் துணை அதிகமின்றியே உடலிற் சேர்வதால் இக்குழந்தைகளுக்கு உணவாகின்றது. இவ்வளவு செய்தும் பலருக்குப் பின்னாளில் மாற்றீரல் தேவைப்படுகின்றது. பெற்றோர் தம் ஈரலின் ஒரு பகுதியை ஈந்து மக்களைக் காத்தலும் இன்று நிகழ்கின்றது.

மருந்தினும் வலியது காலம். பிறந்து 60 நாட்களுக்குள் சத்திரசிகிச்சை பெறுங் குழந்தைகளுக்கே பித்தநீர் பாயும் வாய்ப்பு மிகுதி. இதனை உணர்ந்த தைவான், மலத்தின் நிறங்களைக் காட்டும் அட்டையை 2004இல் நாடெங்கும் தாய்மாருக்கு வழங்கியது. அதன்பின் காலத்தே சிகிச்சை பெற்ற குழந்தைகளின் தொகை உயர்ந்தது.

ஆகவே, பிறந்து இரு வாரங் கடந்தும் குழந்தையின் கண்கள் மஞ்சளித்திருப்பினும், மலம் சுண்ணாம்புபோல் வெளிறியிருப்பினும், "தாய்ப்பாற் காமாலை, தானே மாறும்" என்று வாளாவிருத்தல் தகாது. குருதிச் சோதனை ஒன்றே ஐயத்தைத் தீர்க்கத் தொடங்கும். நாளை வைத்தியராகவிருக்கும் எம் மாணவர்களும், இன்று தந்தையராயும் பாட்டன்மாராயும் விளங்கும் பழைய மாணவர்களும் இதனை மனத்திற் பதித்து, அயலார்க்கும் எடுத்துரைப்பார்களாயின், ஒரு குழந்தையேனும் காலத்தே காக்கப்படும்.