பிள்ளைகளின் சினமும் சோர்வும்

மனச்சோர்வு என்பது வயது வந்தவர்களுக்கே உரிய நோய் என்ற எண்ணம் எம்மவர் மத்தியில் இன்னமும் ஆழ வேரூன்றியிருக்கிறது. கடன் சுமையோ குடும்பப் பொறுப்போ இல்லாத பிள்ளைக்கு என்ன கவலை இருக்கப்போகிறது என்று கேட்பவர்களே அதிகம். இதற்காக எமது சமூகத்தை மட்டும் குறை கூறுவதற்கில்லை. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலைநாட்டு உளமருத்துவர்கள் பலரும் இவ்வாறே கருதினர். 1970களிலேயே அக்கருத்து தளரத் தொடங்கியது. இன்றோ 10 முதல் 19 வயது வரையானோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஓர் உளநலக் கோளாற்றுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

எமக்கு நன்கு தெரிந்த குடும்பமொன்றில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காலை தோறும் வயிற்றுவலி என்றான். தங்கையுடன் ஓயாது சண்டையிட்டான். உயிராக நேசித்த கிரிக்கெட் மட்டையை மூலையில் போட்டுவிட்டான். இரத்தப் பரிசோதனையில் குறையெதுவும் தெரியவில்லை. தந்தை சோம்பல் என்றார். பாடசாலையில் முழந்தாளில் நிறுத்தினார்கள். அம்மம்மா நாவூறு என்று நூல் கட்டுவித்தார். ஏழு மாதங்கள் கழிந்த பின்னர் உளமருத்துவர் ஒருவர் தனியே இருத்திப் பேசியபோதுதான், பல மாதங்களாக நித்திரையின்றித் தவிப்பதையும், தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று எண்ணி எண்ணி அழுவதையும் அவன் வெளியிட்டான். அந்த ஏழு மாதங்களில் அவனிடம் "உனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டவர்கள் எவருமில்லை. ஏசியவர்கள் பலர்.

பிள்ளைகளிடத்தில் இந்நோய் அணியும் முகமே வேறு என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். பெரியவர்களிடம் துயரமாக வெளிப்படுவது பிள்ளைகளிடம் பெரும்பாலும் எரிச்சலாகவும் சினமாகவும் வெளிப்படுகிறது. தமது உள்ளத்து நிலையைச் சொற்களில் வடிக்கும் ஆற்றல் குறைந்த சிறுவயதினர் அதனைத் தலைவலி, வயிற்றுவலி என உடலின் மொழியிலேயே கூறுகின்றனர். அது பாசாங்கன்று, வலி மெய்யானதே. விருப்பமான விளையாட்டிலும் நண்பர்களிலும் நாட்டம் அற்றுப்போதல், நித்திரையிலும் பசியிலும் மாற்றம், கவனம் சிதறிப் புள்ளிகள் சரிதல், தன்னையே இழிவாகப் பேசுதல் என்பன ஏனைய அறிகுறிகள். இவற்றில் ஒன்றிரண்டு சில நாட்கள் தோன்றி மறைவது எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பு. மாறாக, அநேகமாக ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியிலும், இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பல அறிகுறிகள் சேர்ந்து நீடிக்குமாயின், பிள்ளை முன்பிருந்த பிள்ளையாக இல்லையென்று தாயின் மனம் சொல்லுமாயின், வைத்திய ஆலோசனையைத் தாமதிக்கலாகாது.

எனினும் சினங்கொள்ளும் பிள்ளை அனைத்தையும் நோயாளி என்பது மறுபுறத் தவறு. மிதமிஞ்சிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாறு என்ற பெயரை அமெரிக்காவில் கண்டபடி சூட்டியதால், 1994 முதல் 2003 வரையான காலத்தில் இந்நோயின் பேரில் வைத்தியர்களை நாடிய இளையோர் வருகை சுமார் நாற்பது மடங்காகியது. அவர்களுள் ஓயாத எரிச்சல் மட்டுமே உடைய பிள்ளைகளும் அகப்பட்டுக்கொண்டனர். அத்தகையோருக்கெனத் தனிப் பிரிவொன்றை 2013இல் அந்நாட்டு உளமருத்துவர் சங்கம் வகுக்க நேர்ந்தது. நோய்க்குப் பெயரிடும் பொறுப்பைப் பயின்றவர்களிடம் விடுவதே முறை.

சிகிச்சையைப் பற்றியே பெற்றோருக்கு அச்சம் அதிகம். நோய் இலேசானதாயின் நித்திரை ஒழுங்கு, பாடசாலைச் சுமைத் தணிப்பு, குடும்பத்தினரின் அனுசரணை, உளவளத்துணை ஆகியவற்றுடன் கவனமாக அவதானித்து வருவதே பெரும்பாலும் முதற்படி. சற்றுக் கடுமையாயின் எண்ணங்களையும் நடத்தையையும் திருத்தும் அறிகை நடத்தைச் சிகிச்சை கைகொடுக்கிறது. மருந்துகளில் புளுஒக்சற்றீனுக்கே பிள்ளைகளிடத்தில் வலுவான சான்று உண்டு. அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுடைய 439 பேரிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், மருந்தும் உளச்சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 வீதத்தினர் பன்னிரண்டு வாரங்களில் குணங்கண்டனர். மருந்து மட்டும் பெற்றவர்களில் இது சுமார் 61 வீதம். வெற்றுக் குளிசை பெற்றவர்களில் 35 வீதம்.

அதே ஆண்டில், இவ்வகை மருந்துகள் சில பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்ற எச்சரிக்கையும் அங்கு விடுக்கப்பட்டது. பரிசோதனைகளில் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு நால்வரிடமும், வெற்றுக் குளிசை பெற்றவர்களில் இருவரிடமும் அத்தகைய எண்ணமோ நடத்தையோ காணப்பட்டது. அப்பரிசோதனைகளில் எவரும் உயிரிழக்கவில்லை. முதல் வாரங்களில் பிள்ளையை நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும் என்பதே இதன் பொருள். குளிசையை வீட்டார் தாமாகவே திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது.

யுத்தத்தையும் 2004 ஆழிப்பேரலையையும் 2022 பொருளாதார நெருக்கடியையும் கண்ட நாடு இது. பத்து வயதில் புலமைப்பரிசில் பரீட்சை என்ற பாரத்தையும் நாம் பிள்ளைகளின் தோளில் ஏற்றுகிறோம். சிறுவர் உளமருத்துவ நிபுணர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க தொகையினரே. இவையெல்லாவற்றிலும் பெரிய தடை "விசர்" என்ற ஒற்றைச் சொல். அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கிய சமூகத்தில், பெண்பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணி நோயை மறைக்கும் தாயை நாம் எப்படிக் கடிந்துகொள்வது?

சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் அதை விளையாட்டாகக் கொள்ளலாகாது. அத்தகைய எண்ணம் உண்டா என்று அமைதியாகக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்காது. பல பிள்ளைகளுக்கு அது ஆறுதலாகவே அமையும். கிருமிநாசினிகளையும் குளிசைகளையும் பூட்டி வைத்தல் அவசியம். தற்கொலை முயற்சி 1998 முதல் இந்நாட்டில் குற்றமன்று. ஆகவே பொலிசுக்கு அஞ்சி வைத்தியசாலைக்குச் செல்லாதிருக்க வேண்டியதில்லை. கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவ சேவை உண்டு. ஏனைய மாவட்டத்தவர் அண்மையிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவைக் கட்டணமின்றி நாடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் இரவு பகலாக ஆலோசனை பெறலாம்.