இடம் கிடைத்த பிறகு

முதல் தலைமுறை – 9

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால், திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூர் வட்டத்தில் பல வீடுகளுக்கு அடுத்த இரண்டு மாதமும் சான்றிதழ் காலம்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கு முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஒவ்வொரு மேசையாகக் கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். மல்லாட்டை அறுவடையை விட்டுவிட்டோ, பெங்களூரில் கட்டட வேலைக்கு லீவு போட்டுவிட்டோ வருகிற அப்பாவுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி.

இருளர் வீடு என்றால் இந்தக் காலம் இன்னும் நீளும். பழங்குடியினர் சான்றை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் அதற்காகத் திருவண்ணாமலை போக வேண்டும். விசாரணைக்கு வருகிற அதிகாரி, அப்பாவின் சான்று இருக்கிறதா, தாத்தாவின் பத்திரம் இருக்கிறதா என்று கேட்பார். பள்ளிக்கூடமே போகாத தாத்தாவிடம் என்ன தாள் இருக்கும்? திண்டிவனம் பேராசிரியர் பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாக 1990களிலிருந்து நடத்திவரும் போராட்டங்களில் இந்த ஒரு தாளுக்கான போராட்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அவர் அரசுக் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். கல்லூரி வாத்தியார் ஒருவர் வகுப்பறையைத் தாண்டி, குடிசை குடிசையாகப் போய்ச் சான்றிதழுக்கு மனு எழுத வேண்டியிருந்தது. அவர் தனி மனிதராகச் செய்ததை ஒரு பல்கலைக்கழகம் தன் அன்றாட வேலையாக எடுத்துச் செய்ய முடியாதா?

முடியும் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு கல்லூரியிலும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். கிராமத்தில் ஏழு நாள் முகாம் போடுகிறார்கள், தெரு கூட்டுகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். அந்த முகாம் ஜனவரியில் பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குப் போகட்டும். யாருக்கு எந்தச் சான்று இல்லை என்று எழுதி எடுத்து, மே மாதத்துக்குள் வாங்கிக் கொடுக்கட்டும். இதற்குப் புதிய சட்டமோ தனி நிதியோ தேவையில்லை.

தமிழ்நாட்டில் உயர்கல்வியின் கதவைத் திறந்ததில் அரசியலுக்கு இருக்கும் பெருமை சாதாரணமானதல்ல. வகுப்புவாரி ஆணையை 1951-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் இங்கே எழுந்த எதிர்ப்புதான் இந்திய அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு ஒரு காரணம். 69 சதவீத இடஒதுக்கீடு 1994-ல் ஒன்பதாவது அட்டவணைக்குள் போனது. பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-ல் ஒழிந்தது. 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்திலும் 2021-ல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளிலும் வந்தது. 2022-ல் புதுமைப் பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன் என மாதம் 1,000 ரூபாய். அரசு கலைக் கல்லூரிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க 50 ரூபாய்தான். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் 2 ரூபாய் கட்டினால் போதும். 2021-22 மத்திய அரசுக் கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47.

இவற்றில் ஏறக்குறைய எல்லாமே சட்டமன்றத்திலும் தலைமைச் செயலகத்திலும் பிறந்தவை. பல்கலைக்கழகங்கள் ஆணையைப் பெற்று நிறைவேற்றின, அவ்வளவே. சமத்துவம் என்பது அரசாங்கத்தின் வேலை, பாடமும் தேர்வும் நம் வேலை என்று வளாகங்கள் ஒதுங்கிக்கொண்டன. என் மனக்குறை இதுதான். பிள்ளை உள்ளே வந்த பிறகு நடக்கும் அநீதிகளை அரசாணையால் தொட முடியாது. அவை நடப்பது வகுப்பறைக்குள்.

முதல் செமஸ்டரைப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டு தமிழில் படித்த பிள்ளைக்குக் கல்லூரிக்குள் நுழைந்ததுமே எல்லாம் ஆங்கிலமாகிவிடுகிறது. பொறியியல் என்றால் கணக்கு, மருத்துவம் என்றால் உடற்கூறியல், கலைக் கல்லூரியில்கூட வேதியியலோ வணிகவியலோ. பாடம் புரியாமல் போவது ஒரு பக்கம், புரியவில்லை என்று கையைத் தூக்கிச் சொல்லும் தெம்பு போவது இன்னொரு பக்கம். செமஸ்டர் முடிவில் முதல் அரியர் விழுகிறது. அரியர் விழுந்த பிள்ளைக்கு வீட்டில் ஆலோசனை சொல்ல ஆள் கிடையாது. அண்ணன் படித்த வீட்டில், “அடுத்த செமஸ்டரில் எழுதிக்கலாம் விடு” என்று ஒரு குரல் வரும். முதல் தலைமுறை வீட்டில், “இதுக்குத்தான் போனியா?” என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து வேலைக்குப் போய்விடுகிற பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துகிற பொறுப்பு எந்த அலுவலகத்துக்கு இருக்கிறது?

அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது நல்ல முயற்சி. ஆனாலும் தமிழ்வழி என்று தனி வகுப்பு போடுவதைவிட, எல்லோரும் இருக்கிற வகுப்பில் முதல் ஆறு மாதம் இரண்டு மொழியிலும் நடத்துவதே மேல் என்பேன். பொருள் தமிழில் புரியட்டும், சொல் ஆங்கிலத்தில் பழகட்டும். ஐ.ஐ.டி.களில் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்காக ஓராண்டு ஆயத்தப் படிப்பு இருக்கிறது. அவ்வளவு மேல்தட்டு நிறுவனத்துக்கே அது தேவைப்படும்போது, நம் கலைக் கல்லூரிகளுக்கு ஆறு வாரமாவது வேண்டாமா?

அடுத்தது பசி. மதிய உணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு. கீழ்பென்னாத்தூருக்கும் உள்ளே இருக்கிற கிராமத்திலிருந்து திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரிக்குப் போகிற பெண், விடிவதற்குள் கிளம்பி, ஷேர் ஆட்டோவில் வந்து, செஞ்சி சாலையில் டவுன் பஸ் பிடிக்க வேண்டும். 2021 மே முதல் அந்த பஸ்ஸில் அவளுக்குக் கட்டணம் இல்லை. பெரிய விடுதலை அது. ஆனால் சாப்பிட நேரம் எங்கே? இரண்டாம் சுழற்சி வகுப்பு என்றால் திரும்பும்போது இருட்டிவிடும். ஏழு மணிக்குத் திறக்கிற, பத்து ரூபாய்க்குச் சாப்பாடு போடுகிற ஒரு கேன்டீனைக் கல்லூரி நடத்தினால், முதல் மணி வகுப்பு காதில் ஏறும். பஸ் நேரத்துக்கு ஏற்றாற்போல அட்டவணை போடுவதும் துறைத்தலைவர்கள் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம்தான்.

உள்ளே வந்த பிள்ளையைத் தாங்குவதைப் பிரேசில் ஒரு கொள்கையாகவே செய்தது. 2012-ல் வந்த சட்டப்படி அங்கே மத்தியப் பல்கலைக்கழகங்களில் பாதி இடங்கள் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அதற்குள் ஏழைகளுக்கும் கறுப்பினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பங்கு. நம் 7.5-ஐயும் அவர்களுடைய 50-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வருகிற ஏக்கம் ஒருபுறம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2010-ல், அவர்கள் கொண்டுவந்த மாணவர் உதவித் திட்டத்தை. தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து, படிக்கிற தாய்மாரின் குழந்தைக்குக் காப்பகம் எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதைப் பல்கலைக்கழகங்களே முடிவு செய்கின்றன. நம் ஊரில் விடுதிகள் வேறு துறைகளின் கையில். 2025-ல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் வந்தது. பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால் தன் மாணவன் எங்கே தூங்குகிறான், அங்கே படிக்க விளக்கு இருக்கிறதா என்று கல்லூரி கேட்பது எப்போது?

சாதி வளாகத்துக்குள் வருவதில்லை என்று நம்புகிறவர்கள், டெல்லி எய்ம்ஸ் பற்றி சுகதேவ் தோரட் குழு 2007-ல் கொடுத்த அறிக்கையைப் படிக்க வேண்டும். விடுதி, உணவுக்கூடம், விளையாட்டு, செய்முறைத் தேர்வு என எல்லா இடத்திலும் சாதி இருந்தது. பிறகு 2012-ல் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று யு.ஜி.சி. விதி போட்டது. உங்கள் பிள்ளை படிக்கிற கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெயர் தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

பாடம் நடத்துகிறவர்களையும் விட்டுவிடக் கூடாது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கிற அரசு கலைக் கல்லூரிகளில் பாதிச் சுமையைத் தாங்குபவர்கள் மாதம் 25,000 ரூபாய் வாங்குகிற கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களில் பலர் தாங்களே முதல் தலைமுறைப் பட்டதாரிகள். மாணவன் வகுப்புக்கு வராததை முதலில் கவனிப்பதும் அவர்கள்தான். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர், அந்த மாணவனை மூன்று ஆண்டு எப்படிக் கூடவே இருந்து பார்த்துக்கொள்வார்?

கல்லூரிகளிடம் நான் கேட்பது ஒரு கணக்கை. சேர்ந்த முதல் தலைமுறை மாணவர்களில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள், எத்தனை பேர் நடுவில் நின்றார்கள், எந்த செமஸ்டரில் நின்றார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் இதைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். சாதி வாரியாகவும் ஊர் வாரியாகவும் ஒட்டட்டும்.

கீழ்பென்னாத்தூர் சமவெளி. இதே மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் கல்லூரிக்குப் போக முதலில் மலை இறங்க வேண்டும். அந்தப் பிள்ளைகளைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)