வலிக்கவில்லை என்றாலும் குறை இருக்கலாம்: பள்ளி மருத்துவப் பரிசோதனை சொல்வது என்ன?

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. 2013இல் தொடங்கிய, ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பணி இது. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் 18 வயது வரை கண்டறிவது நோக்கம். பரிசோதனையில் அடிக்கடி தென்படுபவை பெற்றோர் பெரிதாக எடுத்துக்கொள்ளாத சில்லறைக் குறைகள்தான்.

கண்

மங்கலாகவே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, ‘சரியாகத் தெரியவில்லை’ என்று சொல்லத் தோன்றாது. பக்கத்தில் இருப்பவரின் நோட்டைப் பார்த்து எழுதி, கவனமில்லாத பிள்ளை என்று பெயர் வாங்கும். ஒரு கண்ணில் மட்டும் குறை என்றால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் எழுத்து அட்டையிலிருந்து 6 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடிச் சோதிக்கிறார்கள். உள்ளங்கையால் மூட வேண்டும். விரல்களால் மூடினால் இடுக்கு வழியே பார்த்துப் படித்துவிடுவார்கள்! பெரும்பாலும் இப்படி ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கும் ‘சோம்பேறிக் கண்’ பாதிப்புக்கு ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்கப்படுகிறது.

பல்

சொத்தை விழுந்தால், ‘பால் பல்தானே, விழுந்து முளைக்கும்’ என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஆறு வயதை ஒட்டிக் கடைவாயில் முளைக்கும் முதல் பெரிய பல் நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாமல், பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக முளைப்பதால் அதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது போனால் மறுபடி முளைக்காது.

ரத்தசோகை

கீழ் இமையின் உட்புறம், நாக்கு, உள்ளங்கை வெளிறியிருந்தால் மருத்துவர் சந்தேகப்படுவார். 5 முதல் 11 வயதில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சோர்வு, கவனக் குறைவு, விளையாட்டில் மூச்சு வாங்குதல் ஆகியவை அறிகுறிகள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்க வேண்டும்; உடனே டீ குடித்தால் சத்து உடலில் சரியாகச் சேராது. மலம் கறுப்பாகப் போவது கண்டு பயந்து நிறுத்த வேண்டாம். கொக்கிப்புழுவும் ரத்தத்தை உறிஞ்சுவதால் குடற்புழு நீக்க மாத்திரையும் அவசியம்.

தோல், காது

இரவில் அரிப்பு அதிகமானால் சிரங்காக இருக்கலாம். பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசினால் போதாது. வீட்டில் அனைவரும் ஒரே நேரத்தில் பூசாவிட்டால் திரும்ப வரும். காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றுவதும் ஹேர்பின்னால் குடைவதும் கூடாது.

அடுத்து என்ன?

குறை தெரிந்தால் பரிந்துரைச் சீட்டு தருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் மேல் சிகிச்சை இலவசம். பள்ளியோடு முடிவது பரிசோதனை மட்டுமே. சீட்டோடு பிள்ளையை அழைத்துப் போக வேண்டியது பெற்றோர். குழு வந்துபோன அன்று மாலை புத்தகப் பையை ஒருமுறை பாருங்கள். சீட்டு இருந்தால், எந்த மருத்துவமனைக்கு, எந்த நாளில் போக வேண்டும் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.