பஞ்சாலங்குறிச்சியும் படத் தபாற்கார்டும்

நம் தேசத்தில் தபாற்கார்டு 1879ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதியன்று காலணா விலையில் வழங்கலாயிற்று. பின்னர் ஒரு புறத்தில் படம் அச்சிட்ட கார்டுகளும் எங்கும் பரவின. கோயில், கோட்டை, யுத்த ஞாபகச் சின்னம் முதலியவற்றைத் தூரத்திலுள்ளோர்க்குக் காட்ட அவை பெரிதும் பயன்பட்டன. எனினும், படம் காட்டுவது இன்று நிற்பனவற்றையே. நின்று அழிந்தனவற்றைக் காட்ட அதனால் இயலாது. இதனை நாம் நன்கு உணர்தற்குரிய இடம் பஞ்சாலங்குறிச்சி. 1986இல் மாவட்டம் பிரியும்வரை அவ்வூர் நம் திருநெல்வேலியைச் சேர்ந்ததாகவே இருந்தது.

அங்குச் செல்வோர் இக்காலத்துப் படமெடுத்து வரும் கோட்டை, வீரபாண்டிய கட்டபொம்மனின் நினைவாகத் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 1974இல் எழுப்பியதாகும். அதனுள்ளே அவர் வரலாறு சித்திரங்களாகத் தீட்டப்பட்டுள்ளது. அவர் வாழ்ந்த கோட்டையோ மண்ணாலாயது. மண் மதில்தானே என்று இகழ்தல் வேண்டா. பீரங்கிக் குண்டு பட்டால் கல்மதில் பிளந்து சரியும். மண்மதிலோ குண்டைத் தன்னுள் வாங்கிக்கொண்டு நிற்கும்.

1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மன் அக்கோட்டையைத் தாக்கினார். கோட்டையை விட்டு அகன்ற கட்டபொம்மன் பின்னர்ப் பிடிபட்டு, அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடிக்கப்பட்டது. அவர் தம்பி ஊமைத்துரை நம் பாளையங்கோட்டையிலே சிறை வைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2ஆம் தேதி அவரும் அவரைச் சேர்ந்தோரும் சிறையினின்று தப்பிச் சென்றனர். சில நாட்களுக்குள் மண்கோட்டை மீண்டும் எழுந்தது! மார்ச் 31ஆம் தேதி ஆங்கிலப் படையினர் நடத்திய தாக்குதல் பலிக்கவில்லை. மே 24ஆம் தேதி கர்னல் அக்னியூவின் பெரும்படை அதனைக் கைப்பற்றியது. கோட்டையைத் தரைமட்டமாக்கி, ஏரோட்டி ஆமணக்கு விதைத்தனர் என்பர்.

அவ்வூரை அடுத்து, அப்போர்களில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகள் உள்ளன. அவர்களும் தாய் பெற்ற மக்களே. கடல் கடந்து வந்து செம்மண்ணில் மடிந்தவர்களே. ஆதலின் அக்கற்களை நாம் வெறுத்தல் தகாது. ஆனால் கோட்டையைக் காத்து மடிந்த எளிய வீரர்க்கோ, அன்று தம் பெயர் பொறித்த கல் ஒன்றும் வாய்க்கவில்லை.

அவர்களைப் பற்றிய அரிய செய்தியொன்றை, அப்போரில் ஆங்கிலேயர் பக்கத்தில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்பவரே 1830இல் வெளியிட்ட தம் நூலில் எழுதி வைத்துள்ளார். கோட்டை வீழ்ந்தபின் ஒரு தாய், காயமுற்றுக் கிடந்தோரிடையே தன் மகனைத் தேடிக் கண்டாள். குற்றுயிராய்க் கிடந்த அவன், தன்னை விட்டு, அருகில் காயத்துடன் கிடந்த ஊமைத்துரையைக் காக்கும்படி வேண்டினான். அவளும் உடனிருந்த பெண்களும் அவ்வாறே அவரைத் தூக்கிச் சென்றனர். பகைவர் தேடி வந்தபோது, அவர்மீது துணியைப் போர்த்தி, வைசூரியால் இறந்த பிள்ளை எனக் கதறி அழுதனர். வந்தோர் நோய்க்கு அஞ்சி ஓடிவிட்டனர். இவ்விதம் தப்பிய ஊமைத்துரை பின்னர் மீண்டும் போர் புரிந்து, பிடிபட்டு, அவ்வாண்டு நவம்பரில் பஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

பெற்ற மகனை விட்டுப் பிறனொருவனைச் சுமந்த அத்தாயின் பெயர் யாது? எந்தக் கல்லிலும் அது பொறிக்கப்படவில்லை. அவள் செயலை நமக்கு அறிவித்ததும் பகைவர் ஒருவரின் நேர்மையான எழுதுகோலே. சரித்திரம் பயிலும் மாணவர் இதனை மறத்தலாகாது. கல்லெழுத்தையும் நூலையும் ஊரார் வாய்மொழியையும் ஒருங்கே வைத்து ஆராய்தல் வேண்டும். பஞ்சாலங்குறிச்சிக்குச் செல்லும் நம் அன்பர்கள் புதிய கோட்டையைக் கண்டு திரும்பிவிடாது, பழைய கோட்டையின் சிதைவுகளையும் கல்லறைகளையும் பார்த்து, அத்தாயையும் ஒருகணம் நினைப்பாராக.