அனனியாவின் மகன்

கி.பி. 62. எருசலேமில் கூடாரப் பண்டிகை. ரோமர்களுடன் போர் மூள இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. ஊர் அமைதியாகவும் செழிப்பாகவும் இருந்த நேரம். அனனியாவின் மகன் யேசு என்ற நாட்டுப்புற விவசாயி ஒருவன் ஆலயத்தில் நின்று, நகரத்துக்குக் கேடு வருகிறது என்று ஓலமிடத் தொடங்கினான். இரவும் பகலும் தெருத்தெருவாக அதே ஓலம். ஊர்ப் பெரியவர்கள் பிடித்து அடித்தார்கள், ஓயவில்லை. ரோம ஆளுநர் அல்பினுஸிடம் கொண்டுபோனார்கள். எலும்பு தெரியும்வரை சவுக்கடி. அவன் கெஞ்சவில்லை, கண்ணீர் விடவில்லை. ஒவ்வோர் அடிக்கும் எருசலேமுக்காகவே புலம்பினான். பைத்தியம் என்று ஆளுநர் விட்டுவிட்டார். இதை எழுதிவைத்தவர் அதே நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ்.

தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்டவர்களை யூதர்கள் உடனே கல்லெறிந்து கொன்றார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. யூத வேதநூலான உபாகமத்தின் சட்டம் கடுமையானதுதான். வேறு தெய்வத்தின் பக்கம் இழுப்பவன் அற்புதமே செய்து காட்டினாலும் அவனுக்குச் சாவு; சொன்னது நடக்காவிட்டால் அது கடவுளின் வாக்கு அல்ல. ஆனால் நடக்குமா என்று தெரியக் காலம் ஆகுமே! அந்த இடைவெளியில்தான் அந்தச் சமூகம் வாழ்ந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன், ஆலயம் அழியும் என்ற தீர்க்கதரிசி எரேமியாவைக் கொல்லச் சொன்னவர்கள் ஆசாரியர்களும் மற்ற தீர்க்கதரிசிகளும். நாட்டின் மூப்பர் சிலர் எழுந்து, முன்பு மீகாவும் இதையே சொன்னார், எசேக்கியா அரசர் அவரைக் கொல்லவில்லையே என்று நினைவூட்டினார்கள். எரேமியா தப்பினார். அதே செய்தியைச் சொன்ன உரியா எகிப்துக்கு ஓடியும், யோயாக்கீம் அரசன் பிடித்துவரச் செய்து வெட்டிக் கொன்றான். செய்தியும் ஒன்று, சட்டமும் ஒன்று. பொறுத்துப் பார்க்க ஊராரால் முடிந்தது, அரியணையில் இருந்தவனால் முடியவில்லை என்றே நான் இதை வாசிக்கிறேன்.

ரோமர் காலத்தில் ஆட்சியாளர்களின் அச்சம் கூட்டத்தைப் பார்த்து வந்தது. யோர்தான் நதியைப் பிளப்பேன் என்று மக்களைத் திரட்டிய தெயுதாஸ்மீது ஆளுநர் ஃபாதுஸ் குதிரைப்படையை ஏவினார். வெட்டிய தலை எருசலேமுக்கு வந்தது. ஒலிவமலையில் நின்று, என் கட்டளைக்கு மதில்கள் விழும் என்ற எகிப்தியனின் கூட்டத்தைச் சிதறடித்தது ஃபெலிக்ஸின் படை. இரண்டிலும் யூத நீதிமன்றம் கூடவே இல்லை. யோவான் ஸ்நானகனைக் கொன்றவன் யூத ஆட்சியாளன் ஏரோது அந்திப்பாதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் ஜோசிபஸ் சொல்லும் காரணம் கலகம் வெடிக்கும் என்ற பயம், மதக் குற்றம் அல்ல. பிறகு அந்திப்பாவின் படை தோற்றபோது, அது யோவானுக்காகக் கடவுள் கொடுத்த தண்டனை என்று யூதர்கள் பேசிக்கொண்டார்கள்.

தெயுதாஸையும் எகிப்தியனையும் எத்தர்கள் என்றுதான் ஜோசிபஸ் ஏசுகிறார். அதையே ஊரின் கருத்தாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர், போருக்குப் பின் ரோமப் பேரரசரின் ஆதரவில் எழுதியவர் அவர். அதற்காக அவர் ஏச்சு முழுதும் பொய் என்று தள்ளவும் எனக்கு மனமில்லை. கி.பி. 70இல் ஒரு பொய்த் தீர்க்கதரிசியை நம்பி ஆலய மண்டபத்தில் ஏறி நின்ற சுமார் 6,000 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, தீயில் மாண்டார்கள். நம்பிக் காத்திருந்ததற்கு மக்கள் கொடுத்த விலை அது.

அனனியாவின் மகன் கூட்டம் சேர்க்கவில்லை. ஏழு வருடம் ஐந்து மாதம் ஓலமிட்டு, முற்றுகையின்போது ரோமர் எறிந்த கல் பட்டுச் செத்தான். தினமும் அடித்தவர்களை அவன் சபித்ததில்லை, உணவு கொடுத்தவர்களை வாழ்த்தியதுமில்லை என்கிறார் ஜோசிபஸ். அடித்தவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான், சோறு போட்டவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான்.